இருபது லட்சம் கடனில் ஒரு மார்க்கெட்டிங் படிப்பு

மும்பைப் பக்கமுள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில், மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் எனக்கு இந்த ஆண்டு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் 22 லட்சம் ரூபாய் வருகிறது. இந்தத் தொகைக்கு அந்தப் படிப்பு தகுமா என்ற கேள்வியோடு பல வாரங்கள் இருந்தேன். வங்கிக்கும் முன்னாள் மாணவர்களிடமும் போய்க் கேட்டதையும், போட்ட கணக்குகளையும், கடைசியில் எடுத்த முடிவையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் கடற்கரையில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. குறிப்பாக, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள்.

நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தைச் சேர்ந்தவள். இராமநாதபுரத்தில் பி.காம் முடித்துவிட்டு, நண்டுச் சதையைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஆர்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாக் நீரிணையில் வலையில் ஏறும் நண்டு கரைக்கு வந்து, வேகவைக்கப்பட்டு, பெண்களின் கைகளால் ஓடு நீக்கிச் சதை பிரிக்கப்பட்டு, டப்பாவில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. கரையில் எடை போடும்போது ஒரு விலை. அங்கே கடையின் குளிர்பெட்டியில் வேறொரு விலை. இரண்டுக்கும் நடுவில் நடப்பதைத் தினமும் தாள்களில் பார்க்கும் எனக்கு, விலையைச் சொல்லும் இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை என்பதும் தெரிகிறது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஒரே நாட்டுச் சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தைப் பற்றிக் கடல் தொழிலில் இருக்கும் எல்லோரும் பேசினார்கள். மாற்றுச் சந்தையை எப்படித் தேடுவது, புதிய வாங்குபவரிடம் எப்படிப் பேசுவது என்று முறையாகத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு.

கடலை விட்டு உள்ளே வந்தாலும் இதே கதைதான். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அந்தப் பெயரை மூட்டையில் அச்சிட்டு விற்க வேண்டுமென்றால், பயிரிடுபவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். தரம் பிரிக்க வேண்டும். அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்கும் கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்யாத விவசாயிக்கு, கமிஷன் மண்டியில் பேசப்படும் அதே விலைதான். எங்கள் மாவட்டத்து வலமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட கடல்பாசிப் பூங்கா முழுமையாக இயங்கும்போது, கடல்பாசிக்கும் இந்தக் கேள்வி வரும். நான் மார்க்கெட்டிங் படிக்க ஆசைப்படுவது இதற்காகத்தான். இந்த ஆசையைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்குக் கேட்கப்படும் விலையைப் பற்றியது.

முதலில் கடன் கணக்கு. இராமநாதபுரத்தில் வங்கி மேலாளரைப் பார்த்தபோது அவர் எதையும் சுற்றிவளைக்கவில்லை. "ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்க மாட்டோம்மா. அதுக்கு மேல போனா பத்திரம் வேணும்" என்றார். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும் வரையான காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்புக்குள். ஆனால் அந்தத் திட்டம் அதன் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்; தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் அறிவிக்கப்பட்டன. தனியார் நிறுவனம் என்றால் ஒன்றிய அரசு வெளியிடும் கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் இருந்தாக வேண்டும். எனக்கு இடம் கொடுத்த நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய பட்டியல் அது என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தைப் பற்றி அந்த ஒரு தகவலே பாதி பேசிவிடும்.

22 லட்சத்தில் 2 லட்சத்தை நாங்கள் போட்டு, 20 லட்சத்தை 10.5 விழுக்காடு வட்டிக்குக் கடனாக வாங்குவதாக வைத்துக்கொண்டேன். முதல் ஆண்டு 10 லட்சம், இரண்டாம் ஆண்டு 10 லட்சம் என்று வங்கி கொடுக்கும். படிக்கும் இரண்டாண்டும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது பலருக்கும் வட்டியே இல்லாத காலம் போலக் கேட்கிறது. உண்மையில் அந்த மூன்றாண்டுக்கும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் 10 லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 3,15,000. அடுத்த 10 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி 2,10,000. ஆக, முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 25 லட்சத்து 25 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 34,000 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 41 லட்சம். பதினைந்து ஆண்டு என்று நீட்டினால் மாதம் 28,000 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் 50 லட்சத்தைத் தொட்டுவிடும். இதோடு, வேலையை விடுவதால் இரண்டாண்டில் நான் இழக்கும் சம்பளம் ஐந்து லட்சத்துக்கு மேல். கல்லூரியின் கட்டண அட்டவணையில் வட்டிக்கும் இடமில்லை, இழக்கும் சம்பளத்துக்கும் இடமில்லை.

இந்த 34,000 ரூபாயை எங்கள் வீட்டு வருமானத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களும் என்று முறை வைத்துத் தொழிலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தக் காலத்துக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்ட்டில் எங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையில்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டால், ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்புவது நிச்சயமில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டில், பிள்ளைக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் பெற்றோர் சில மாதத் தவணையைச் சமாளிப்பார்கள் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. வங்கியும் அதை எண்ணித்தான் பெற்றோரைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்கிறது. எங்கள் வீட்டில் மே மாதத் தவணையை அப்பாவால் கட்ட முடியாது. அதனால் இந்தப் படிப்பு தருவதாகச் சொல்லும் சம்பளம், முதல் மாதத்திலிருந்தே தடையில்லாமல் வந்தாக வேண்டும்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டுப் பத்திரம் பெட்டியிலதானே கெடக்கு பாப்பா, படிக்கத்தானே கேக்குற, வச்சு எடுத்துக்க" என்றார். என் வாழ்க்கையில் எனக்குச் சொல்லப்பட்ட பெரிய வார்த்தைகளில் ஒன்று அது. அம்மாவின் பக்கத்து உறவினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நகை போட்டுக் கல்யாணத்தை முடித்துவிடலாமே என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பெண்ணின் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கும் பணத்துக்கு யாரும் மாதத் தவணைக் கணக்குக் கேட்பதில்லை; எத்தனை ஆண்டில் திரும்பும் என்றும் கேட்பதில்லை. அவள் படிப்புக்கு என்றால் மட்டும் எல்லோருக்கும் கணக்கு வந்துவிடுகிறது. இது எனக்கு ஆழமாக வலித்த விஷயம். ஆனாலும், அவர்கள் தவறான காரணத்துக்காகக் கணக்குக் கேட்டார்கள் என்பதற்காக நான் கணக்குப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பத்திரம் அப்பாவுடையது, தவறினால் இழக்கப்போவது அவரும் அம்மாவும் படுக்கும் வீடு.

பிறகு, 22 லட்சத்துக்கு அந்த நிறுவனம் எனக்கு எதைத் தருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். பாடம் என்றால், அது இன்று வெளியிலும் கிடைக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழி வகுப்புகளில் நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, விலை நிர்ணயம் எல்லாவற்றையும் காசில்லாமல் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். நான் இரண்டு பாடங்களைக் கேட்டிருக்கிறேன். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசில்லாமல் கிடைக்காதது வேறு. பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் தங்கள் பயிற்சி மேலாளர்களை ஒரு குறிப்பிட்ட சில கல்லூரி வளாகங்களில் மட்டுமே போய்த் தேர்ந்தெடுக்கின்றன. மண்டபத்தில் உட்கார்ந்து எத்தனை பாடம் படித்தாலும் அந்த நேர்காணலுக்கு என்னை அழைக்க மாட்டார்கள். முதல் ஆண்டு முடிவில் அதே கம்பெனிகளில் கிடைக்கும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும், நாளைக்கு வெவ்வேறு கம்பெனிகளில் மேலாளராக இருக்கப்போகும் வகுப்புத் தோழர்களும் அப்படித்தான். ஆகவே, கட்டணத்தின் பெரும்பகுதி அந்த நேர்காணல் அறைக்குள் நுழைவதற்கான விலை. அந்த அறைக்கு உண்மையில் யார் வருகிறார்கள், எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் விலை நியாயமா என்று சொல்ல முடியும்.

அங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் சராசரி ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து பேரில் நால்வருக்கு 6 லட்சமும் ஒருவருக்கு 36 லட்சமும் கிடைத்தால் அதன் சராசரியும் 12 லட்சம்தான். ஆனால் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது இடைநிலைச் சம்பளம், 6 லட்சம். கையேட்டில் இடைநிலை இல்லை, குறைந்தபட்சமும் இல்லை. "வேலைவாய்ப்பு நூறு விழுக்காடு" என்ற வரிக்குக் கீழே, வேலைவாய்ப்பு முகாமில் பங்கெடுக்கத் தகுதி பெற்றவர்களில் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மொத்த மாணவர்களில் எத்தனை பேர் தகுதி பெறவில்லை, எத்தனை பேர் தாங்களே தேடிக்கொள்வதாகச் சொல்லி விலகினார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். பதிலாக, இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் நெருங்குகிறது என்ற நினைவூட்டல் வந்தது.

இதைச் சரிபார்க்க வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். தேசியத் தரவரிசையில் பங்கெடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒன்றிய அரசுக்கு அளிக்கும் விவரங்களில், முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குறித்த காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். அவை பொதுவெளியில் கிடைக்கின்றன. மேலாண்மைக் கல்வி நிறுவனமான அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று உருவாக்கிய வேலைவாய்ப்பு அறிக்கைக்கான பொது நெறிமுறை ஒன்றும் உண்டு; அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் தணிக்கை செய்யப்பட்ட அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் குறைந்தபட்சம், இடைநிலை, சராசரி, அதிகபட்சம் எல்லாம் துறைவாரியாக இருக்கும். ஒரு நிறுவனம் 20 லட்சம் கேட்டுவிட்டு இந்த நான்கு எண்களைச் சொல்ல மறுத்தால், அந்த மறுப்பையே நான் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

முன்னாள் மாணவர்களைத் தேடிப் பேசியது கையேட்டைவிட உதவியது. பரமக்குடிக்காரர் ஒருவர் இதே நிறுவனத்தில் படித்துவிட்டு இப்போது ஒரு நுகர்பொருள் கம்பெனியில் ஏரியா சேல்ஸ் மேனேஜராக இருக்கிறார். "மார்க்கெட்டிங்னு சேர்ந்தோம்மா, முதல் மூணு வருஷம் டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்லயும் பெட்டிக்கடை வாசல்லயும்தான் போச்சு" என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. விற்பனை தெரியாதவரிடம் யாரும் பிராண்டை ஒப்படைக்க மாட்டார்கள் என்றும், கடைக்காரரிடம் கற்றதே தன்னைக் காப்பாற்றுகிறது என்றும் சொன்னார். ஆனால் அவருக்கு வந்த 12 லட்ச வேலையில், இலக்கை முடித்தால் மட்டும் தரப்படும் பங்கு, கம்பெனி கட்டும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை எல்லாம் உள்ளடக்கம். அவற்றைக் கழித்தால் மாதம் கைக்கு வந்தது 75,000 ரூபாய் அளவில். பெருநகர வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு 35,000, தவணைக்கு 34,000. வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: இரண்டாண்டு ஒன்றும் அனுப்பவில்லை. நடுவில் நிற்பவருக்கு 6 லட்சம்தான் என்றால் கைக்கு 40,000கூட வராது. அந்தச் சம்பளத்தில் 34,000 தவணை என்பது நடக்காத காரியம்.

வெளிநாட்டைப் பற்றியும் ஒருவர் சொன்னார்: இங்கிலாந்தில் ஓராண்டில் எம்.எஸ்ஸி. மார்க்கெட்டிங் முடித்துவிடலாம் என்று. அதை நான் விரைவில் ஒதுக்கினேன். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் இரண்டாண்டு அனுமதி, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அங்கே நிலையான வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது; புதியவர்களுக்கான சலுகை வரம்பே 33,400. மார்க்கெட்டிங்கில் முதல் வேலைக்கு அதை எட்டுவது கடினம், எட்டாவிட்டால் பவுண்டில் வாங்கிய கல்விக்கு ரூபாயில் சம்பாதித்துக் கடன் அடைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் மலிவான வழிகளும் உண்டு. தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, கலந்தாய்வில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்ந்தால் இரண்டாண்டுக்கும் சேர்த்துக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் ஓரிரு லட்சத்தில் முடியும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் எங்களுக்கு மிகத் தூரமில்லை. அது கொடுப்பது பல்கலைக்கழகப் பட்டம். எனக்கு இடம் கொடுத்த நிறுவனம் கொடுப்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் பட்டயம். வேலைச் சந்தையில் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பார்கள், ஆனால் பின்னாளில் கல்லூரி ஆசிரியராகவோ முனைவர் பட்டத்துக்கோ போக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. மலிவு என்பதால் மட்டும் அரசுக் கல்லூரி எம்.பி.ஏ.வை எல்லோருக்கும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. அங்கே பெரிய கம்பெனிகள் வருவது குறைவு. அனுபவமே இல்லாமல் சேர்ந்தவர் முடித்துவிட்டு மாதம் 20,000 ரூபாய் விற்பனை வேலையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாண்டுக் காலமும் ஒரு செலவுதான். வேலையில் சில ஆண்டு இருந்து, எந்தத் துறைக்குப் போகிறோம் என்று தெரிந்து சேர்பவருக்கு மட்டுமே அது பலன் தரும் என்பது என் கருத்து.

விலை உயர்ந்த படிப்பை நான் மொத்தமாக மறுக்கவும் இல்லை. முதல் வரிசை ஐ.ஐ.எம்.களிலும் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே தணிக்கை செய்யப்பட்ட இடைநிலைச் சம்பளம் கண்முன் இருக்கிறது. வங்கிகளும் அங்கே சேர்பவருக்குப் பத்திரம் கேட்காமல், குறைந்த வட்டியில் கடன் கொடுக்கின்றன. யாரிடம் எதை ஈடாகக் கேட்கிறோம் என்பதில் வங்கி தன் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறது. அதே 20 லட்சத்துக்கு ஓரிடத்தில் மாணவியின் கையெழுத்து போதுமென்கிறது, இன்னோரிடத்தில் அவள் அப்பாவின் வீட்டைக் கேட்கிறது. கல்லூரியின் கையேட்டைவிட இந்த வேறுபாட்டை நான் நம்புகிறேன்.

எனவே எனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். வீட்டுப் பத்திரம் எந்தக் காரணத்துக்காகவும் வங்கிக்குப் போகாது. இடைநிலைச் சம்பளத்தில் கைக்கு வரக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டக் கூடாது. நிறுவனம் வித்யாலட்சுமி பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது மொத்தக் கடன் ஏழரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும். இந்த எல்லைக்குள் வந்தால் மும்பையோ கல்கத்தாவோ எங்கு வேண்டுமானாலும் போவேன்; கடன் வாங்கத் தயக்கமே இல்லை.

எனக்குக் கிடைத்த இடம் இந்த எல்லைக்குள் வரவில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி, கட்டிய முன்பணத்தை அந்த விதியைக் குறிப்பிட்டே திரும்பக் கேட்டிருக்கிறேன். நவம்பரில் ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வை மறுபடி எழுதுகிறேன், கணிதப் பகுதிக்கு இம்முறை கூடுதல் நேரம் ஒதுக்கி. கம்பெனியில் ஆர்டர் தாள்களைத் தவிர வாங்குபவர்களின் கடிதப் போக்குவரத்தையும் என்னிடம் தரும்படி மேலாளரிடம் கேட்டேன். ஜப்பான், ஐரோப்பியச் சந்தைகளுக்கான விசாரணைக் கடிதங்களை அடுத்த மாதத்திலிருந்து நான் எழுதப்போகிறேன்.